சிற்றாமுட்டியும் ஒரு குருவானவரும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில் ஓரிக்கையைக் கடக்கும்போது வீட்டு வாசல்களைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டே போகலாம். ஒரு வீட்டில் சிவப்புச் செம்பருத்தி, அடுத்த வீட்டில் அடுக்குச் செம்பருத்தி, மதிலோரம் ஒரு பூவரச மரம். பாலாற்றுப் பக்கம் இறங்கினால் யாரும் நட்டு வைக்காத துத்தி, மஞ்சள் பூவோடு நிற்கும். அதன் காலடியில், பெரும்பாலோர் மிதித்துவிட்டுப் போகிற இடத்தில், இன்னொரு சிறு செடி வளர்கிறது. தொட்டால் கையில் பிசுபிசுப்பு. பூ இளஞ்சிவப்பு, நகத்தை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். வைத்தியம் தெரிந்த பெரியவர்கள் அதைச் சிற்றாமுட்டி என்பார்கள். வாத நோய்க்குக் காய்ச்சும் தைலத்தில் அதன் வேர் சேரும்.

இந்தச் சிற்றாமுட்டிக்கு உலகம் முழுவதும் வழங்கும் தாவரவியல் பெயர் பவோனியா சைலானிக்கா. நூல்களில் இந்தப் பெயரை அடுத்து 'கவ்.' என்று ஒரு சுருக்கம் அச்சாகியிருக்கும். அந்தச் செடியை அதற்குரிய இனத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவரின் பெயர் அது. அவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். ஓரிக்கையையோ இந்தியாவையோ ஒருநாளும் பார்த்திராதவர். அவரது வாழ்க்கையை இன்று நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அவரது பெயர் அந்தோனியோ ஹோசே கவனியேஸ். நம் ஊர் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதினால் அந்தோணி சூசை. குடும்பப் பெயரில் 'கவனி' என்ற சொல் வந்து நிற்பது தமிழ்க் காதுக்கு மட்டுமே கேட்கிற தற்செயல். ஆனால் அவருக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

1745ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் அவர் பிறந்தார். இயேசு சபையினரிடம் பள்ளிப் படிப்பு, அதன்பின் வலென்சியாவில் மெய்யியலும் இறையியலும். நன்றாகப் படித்தவர். ஆயினும் பல்கலைக்கழக ஆசிரியர் பதவிக்காகப் போட்டித் தேர்வு எழுதியபோது மீண்டும் மீண்டும் தோல்விதான் கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்காக ஒரு நீதிபதியின் பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியராகச் சேர்ந்தார். அந்தக் குடும்பம் ஒவியேதோ நகருக்கு மாறியபோது அவரும் உடன் சென்றார். அங்கேதான் 1772இல் குருப்பட்டம் பெற்றார். பிறகு சிறிது காலம் முர்சியா நகரக் குருமடத்தில் மெய்யியல் கற்பித்தார். 1776இல் இன்ஃபந்தாதோ பிரபுவின் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். அடுத்த ஆண்டு அந்தக் குடும்பத்தோடு பாரிசு நகருக்குப் போனார்.

இதுவரை அவரது வாழ்வில் செடி கொடி எதுவும் வரவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அவர் தாவரவியலைக் கற்கத் தொடங்கியபோது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. பிரபு வீட்டுப் பணி போக மீதி நேரத்தில் பாரிசின் அரச தோட்டத்துக்குப் போகத் தொடங்கினார். தோட்டத்தைப் பேணிய ஆந்த்ரே தூவேனும், தாவரக் குடும்பங்களை வகுத்துப் புகழ்பெற்ற அந்துவான் லோரான் தெ ஜுசியேயும் அவருக்கு வழிகாட்டினார்கள். மற்றவர்கள் இளமையிலேயே ஆரம்பிக்கும் படிப்பை நடுவயதில் எடுத்தவர், ஒரு முடிவு செய்தார். எல்லாச் செடிகளையும் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அறிவதை விட, ஒரு கூட்டத்தை எடுத்து அதை முழுமையாக அறிவது என்பதே அந்த முடிவு. அவர் எடுத்தது செம்பருத்திக் கூட்டம்.

இந்த இடத்தில் சற்று நின்று ஒரு செம்பருத்திப் பூவைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஐந்து இதழ்கள். நடுவில் ஒரு நீண்ட குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழலின் மேல்பகுதியில் மஞ்சள் மகரந்தப் பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வேறு பூக்களில் மகரந்தத் தாள்கள் தனித்தனியாக நிற்கும். செம்பருத்தியில் அவை அனைத்தும் அடியில் ஒன்றாய் இணைந்து ஒரே குழலாகிவிட்டன. அந்தக் குழலுக்குள்ளிருந்து சூல்தண்டு வெளியே வந்து, நுனியில் ஐந்து சிறு உருண்டைகளாகப் பிரிகிறது. வெண்டைப் பூ, பருத்திப் பூ, பூவரசம் பூ, துத்திப் பூ, புளிச்சக்கீரைப் பூ என்று எதைப் பிரித்துப் பார்த்தாலும் இந்தக் குழல் இருக்கும். இலையைக் கசக்கினால் வரும் வழவழப்பும் இந்தக் குடும்பத்தின் குணம்தான். வெண்டைக்காய் நறுக்குகிற தாய்மாருக்கும், செம்பருத்தி இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கிற பெண்களுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், பூவின் மகரந்தத் தாள்களை எண்ணி எல்லாச் செடிகளையும் வகுப்புகளாகப் பிரித்திருந்தார். தாள்கள் எல்லாம் ஒரே கட்டாக இணைந்திருக்கும் வகுப்புக்கு அவர் கிரேக்கத்திலிருந்து எடுத்து வைத்த பெயர் மொனதெல்ஃபியா. ஒரே சகோதரக் கூட்டம் என்பது அதன் பொருள். அருட்பணி கவனியேஸ் தம் வாழ்வின் பெரிய வேலையாக ஏற்றுக்கொண்டது இந்த வகுப்பைத்தான்.

1785இல் பாரிசில் முதல் பகுதி வெளிவந்தது. அது நம் வயல் வரப்புகளில் காணும் அரிவாள்மனைப் பூண்டு சேர்ந்த சீடா இனத்தைப் பற்றியது. தொடர்ந்து ஒவ்வொரு பகுதியாக வந்து, 1790இல் மத்ரித் நகரில் பத்தாவது பகுதியோடு நூல் நிறைவு பெற்றது. 600க்கும் மேற்பட்ட இனங்களின் விளக்கம், 300ஐ நெருங்கும் படங்கள். படங்களில் பெரும்பாலானவற்றை அவரே வரைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. எழுதியது இலத்தீனில். திருப்பலி நூலின் மொழியே அன்று தாவரவியலின் மொழியாகவும் இருந்ததால், குருமடத்தில் பழகிய இலத்தீன் அவருக்கு இங்கே கைகொடுத்தது.

அவர் பயணம் செய்து இந்தச் செடிகளைத் தேடவில்லை. பாரிசுக்கு வந்து சேர்ந்திருந்த உலர்ந்த செடிகளே அவருக்குக் காடு. மொரீஷியஸ், மடகாஸ்கர், இன்று ரீயூனியன் எனப்படும் பூர்போன் தீவு ஆகியவற்றில் செடி சேகரித்து, 1773இல் மொரீஷியசிலேயே இறந்துபோன கொம்மெர்சோனின் சேகரிப்பு அவற்றுள் முக்கியமானது. காகிதத்தில் அழுந்திக் காய்ந்துபோன பூவை நீரில் ஊறவைத்து, ஊசியால் இதழை விலக்கி, உள்ளே இருப்பதை எண்ண வேண்டும். எத்தனை தாள், எத்தனை சூல்நுனி, காயில் எத்தனை அறை, அறைக்கு எத்தனை விதை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை போன்றது இது. அவசரக்காரருக்கு ஆகாது.

அப்படி எண்ணியதால்தான் சிற்றாமுட்டி அவர் கண்ணில் பட்டது. லின்னேயஸ் 1753இல் அதைச் செம்பருத்தியின் இனமான ஹைபிஸ்கசில் சேர்த்திருந்தார். இலங்கைச் செடி என்பதால் சைலானிக்கஸ் என்று பெயர். பூவைப் பார்த்தால் சின்னச் செம்பருத்தி போலத்தான் இருக்கும், எனவே அதில் வியப்பில்லை. ஆனால் செம்பருத்தியின் சூல்தண்டு நுனியில் ஐந்து பிரிவுகள்தான் உண்டு. சிற்றாமுட்டியின் சூலகத்திலும் அறைகள் ஐந்துதான், ஆனால் நுனியிலோ பத்துப் பிரிவுகள். இந்த ஒரு கணக்கு, இது செம்பருத்தி அல்ல, வேறு இனம் என்று காட்டிவிட்டது. 1780களின் நடுவில் கவனியேஸ் அந்தப் புதிய இனத்துக்குப் பவோனியா என்று பெயரிட்டுச் சிற்றாமுட்டியை அதில் சேர்த்தார். இன்று அந்த இனத்தில் 200க்கும் மேற்பட்ட செடிகள் எண்ணப்படுகின்றன. நம் பேராமுட்டியும் அதில் ஒன்று.

பவோனியா என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்பெயின் அரசு பெரு நாட்டின் தாவரங்களை ஆராய ஒரு குழுவை அனுப்பியிருந்தது. இப்போலித்தோ ரூயிஸ், ஹோசே பவோன் என்னும் இரண்டு ஸ்பானியர்களும், தோம்பே என்னும் பிரெஞ்சுக்காரரும் அதில் இருந்தார்கள். பாரிசில் சுகமாக அமர்ந்து எழுதுகிற தாம், மலையிலும் காட்டிலும் அலைகிற அவர்களைப் பெருமைப்படுத்த வேண்டும் என்று கவனியேஸ் கருதியிருக்க வேண்டும். பவோனுக்குப் பவோனியா, ரூயிசுக்கு ரூயிசியா, தோம்பேக்குத் தோம்பேயா என்று தம் செம்பருத்திக் கூட்டத்திலிருந்தே மூவருக்கும் ஆளுக்கொரு இனத்தைக் காணிக்கையாக்கினார்.

பத்து ஆண்டுகள் கழித்து, அதே ரூயிசும் பவோனும் அவருக்குக் கடும் எதிரிகளானார்கள். பெருவில் தாங்கள் உயிரைப் பணயம் வைத்துச் சேகரித்த செடிகளைப் பற்றித் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார், தங்கள் நூலில் குற்றம் காண்கிறார் என்பது அவர்களது மனக்குறை. மத்ரித் அரச தோட்டத்தில் அதிகாரம் செலுத்திய கோமெஸ் ஓர்த்தேகா அவர்கள் பக்கம் நின்றார். 1796இல் ரூயிஸ் கவனியேசை மறுத்து ஒரு நூலே வெளியிட்டார். அதே ஆண்டில் கவனியேசும் தம் தாவரவியல் சண்டைகள் தொடர்பான எழுத்துகளைத் தொகுத்து அச்சிட்டார்.

இதை நாம் மறைக்க விரும்பவில்லை. குருவானவர் என்பதால் அவரைச் சாந்த சொரூபியாகக் காட்டுவது உண்மைக்குப் பொருந்தாது. பாரிசிலேயே லெரித்தியே என்னும் நீதிபதியோடு, புதிய செடிகளை யார் முதலில் வெளியிட்டார் என்பதில் தகராறு. ஜெர்மனியின் மன்ஹைம் நகரத் தோட்டத்தை நடத்திய மெதிகுஸ், லின்னேயசின் முறையையே ஏற்காதவர். 1787இல் இதே செம்பருத்திக் குடும்பத்தைப் பற்றி நூல் எழுதிக் கவனியேசோடு மோதினார். வெண்டைக்காயின் இனப் பெயரான அபெல்மோஸ்கஸ் அந்த மெதிகுஸ் அதே ஆண்டில் வைத்ததுதான். நம் குழம்பில் ஒருவர், தைலத்தில் மற்றவர்! அதற்கும் முன்பு 1784இல் கவனியேஸ் ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்துக்கு எதிராக நூல் எழுதினார். ஸ்பெயினால் ஐரோப்பாவுக்கு என்ன பயன் என்று ஏளனமாக அதில் கேட்டிருந்தார்கள். தாய்நாட்டைப் பழித்தபோது சும்மா இருக்க அவரால் முடியவில்லை. சண்டை என்று வந்தால் பின்வாங்குகிற மனிதர் அல்ல அவர். அவரது பக்கமே எல்லா இடத்திலும் நியாயம் என்றும் சொல்ல முடியாது. காட்டில் அலைந்தவர்களின் மனக்குறையில் ஒரு வேதனை இருந்ததை நாம் உணர முடிகிறது.

அவர் செய்த வகைப்படுத்தலிலும் எல்லாமே நிலைத்துவிடவில்லை. நம் துத்தியை அவர் லின்னேயசைப் பின்பற்றிச் சீடா இனத்திலேயே வைத்திருந்தார். சக்கரம் போன்ற துத்திக்காயைப் பிரித்தால் ஒவ்வோர் அறையிலும் ஒன்றுக்கு மேற்பட்ட விதைகள் இருக்கும், சீடாவில் அறைக்கு ஒன்றே. எனவே பின்வந்தவர்கள் துத்தியைப் பிரித்து அபுடிலான் என்ற இனத்தில் சேர்த்தார்கள். மொனதெல்ஃபியா என்னும் வகுப்பே இன்று வழக்கில் இல்லை. அவரது பத்தாவது பகுதி, ஆண்டவரின் திருப்பாடுகளை நினைவூட்டும் பூ என்று மறைபரப்பாளர்கள் பெயர்சூட்டிய பாசிஃப்ளோராவைப் பற்றியது. அது செம்பருத்திக்கு உறவே அல்ல என்பது இன்று எல்லாரும் அறிந்ததே. ஆனால் இலவம், பாவோபாப் மரம், ஸ்டெர்குலியா ஆகியவற்றையும் அவர் இதே நூலில் ஐந்தாம் பகுதியில் எழுதியிருந்தார். பிற்காலத்தார் அவற்றை வேறு வேறு குடும்பங்களாக்கிவிட்டார்கள். 1990களின் இறுதியில் மரபணு ஆய்வு வந்த பிறகு, அவையெல்லாம் மால்வேசியே எனப்படும் செம்பருத்திக் குடும்பத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தன. 200 ஆண்டுகள் தனிக்குடித்தனம் இருந்துவிட்டு வீடு திரும்பிய பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. கவனியேஸ் ஸ்பெயின் திரும்பினார். தாய்நாட்டின் தாவரங்களை ஆராயும் பொறுப்பை அரசர் அவரிடம் அளித்தார். பாரிசின் காகிதக் காட்டிலிருந்து வெளியே வந்து, வலென்சியாவின் மலைகளிலும் வயல்களிலும் ஆண்டுக்கணக்கில் நடந்தார். அந்தப் பயணத்தின் பயனாக 1795இலும் 1797இலும் இரண்டு தொகுதிகள் வெளிவந்தன. செடிகளை மட்டும் அல்ல, ஊர், மக்கள்தொகை, விளைச்சல், நீர்ப்பாசனம் எல்லாவற்றையும் அவற்றில் எழுதினார்.

நெல் விளையும் நம் மாவட்ட வாசகர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. வலென்சியாவும் நெல் பூமி. ஊரை ஒட்டித் தேங்கிய நீரில் நெல் பயிரிடும் கிராமங்களில் காய்ச்சலும் சாவும் மிகுதியாக இருப்பதை அவர் கண்டார். நெல் இல்லாத ஊர்களின் பிறப்பு இறப்புக் கணக்கோடு ஒப்பிட்டார். வீட்டருகே நெல் வேண்டாம் என்று துணிந்து எழுதினார். நிலக்கிழார்களுக்கு இது பிடிக்கவில்லை, மறுப்பு நூல்கள் வந்தன. தேங்கிய நீரின் கெட்ட ஆவியே நோய்க்குக் காரணம் என்பது அக்காலத்தின் எண்ணம். கொசு என்னும் உண்மை தெரிய இன்னும் ஒரு நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதைக் கண்டார். காரணத்தை அறியாவிட்டாலும் கவனியேஸ் சாவை எண்ணத் தவறவில்லை. மகரந்தத் தாளை எண்ணிய அதே கண்தான் இதையும் பார்த்தது.

1791 முதல் 1801 வரை இன்னொரு பெருநூலை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் 600 படங்கள். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் நாம் வியந்து பார்க்கிற டேலியா மலருக்கு, மெக்சிகோவிலிருந்து வந்த விதை மத்ரித்தில் பூத்தபோது, அவர்தான் அந்தப் பெயரை வைத்தார். நம் தோட்டங்களில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்கும் காஸ்மாஸ் மலரும் அவர் பெயரிட்டதே. கோபேயா என்னும் கொடிக்கு, தென் அமெரிக்காவில் பணியாற்றிய இயேசு சபைக் குரு பெர்னபே கோபோவின் பெயரைச் சூட்டினார். இயேசு சபை அப்போது தடை செய்யப்பட்டிருந்த காலம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பெயர்சூட்டலில் தம் பள்ளி ஆசிரியர்களின் நினைவும் இருந்ததோ என்று நமக்குத் தோன்றுகிறது.

1801இல் கோமெஸ் ஓர்த்தேகா இருந்த இடத்துக்குக் கவனியேஸ் வந்தார். மத்ரித் அரச தாவரத் தோட்டத்தின் இயக்குநர், பேராசிரியர். இளமையில் எத்தனையோ தேர்வெழுதியும் கிடைக்காத ஆசிரியர் இருக்கை ஐம்பத்தாறாம் வயதில் தேடி வந்தது. தோட்டத்தைச் சீர்ப்படுத்தினார், உலர்தாவரக் காப்பகத்தை வளர்த்தார், மாணவர்களை உருவாக்கினார். மூன்றே ஆண்டுகள்தான். 1804ஆம் ஆண்டு மே மாதம் மத்ரித்தில் இறைவனடி சேர்ந்தார். வயது 59.

நம் தமிழகத்திலும் இதே பாதையில் நடந்த குருவானவர் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராப்பினாட் உலர்தாவரக் காப்பகத்தைத் தொடங்கி, தமிழ்நாட்டுச் செடிகளைப் பற்றிப் பெருநூல்கள் எழுதிய இயேசு சபை அருட்பணி கே. எம். மேத்யூ 2004இல் மறைந்தார். அவரது வாழ்வும் தனியே எழுதத்தக்கது.

கவனியேஸ் காணிக்கையாக்கிய மூன்று பெயர்களில் ரூயிசியா, தமிழ் வம்சாவளியினர் நிறைய வாழும் ரீயூனியன் தீவின் செடி. இன்று அது காட்டில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. பவோனியாவோ ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என எங்கும் பரவியிருக்கிறது. சண்டைக்குப் பிறகும் அந்தப் பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன. முறையாக வைத்த பெயரைக் கோபத்தில் திரும்பப் பெற முடியாது என்பது தாவரவியலின் விதி. எனவே ஓரிக்கை வரப்பிலுள்ள சிற்றாமுட்டியின் பெயரில் பவோனும் கவனியேசும் இன்றும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

அடுத்த முறை அந்தச் செடியைக் கண்டால் ஒரு பூவைப் பறித்து, வெயில் ஏறுவதற்குள் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனிப் பிரிவுகள் மிகச் சிறியவை, பிள்ளைகளின் கண்ணுக்குத்தான் சட்டென்று தெரியும். வீட்டில் மிளகாய்ச் செம்பருத்தி, அதாவது விரியாமல் சுருண்டே தொங்கும் சிவப்புப் பூ, இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை மால்வாவிஸ்கஸ் ஆர்போரியஸ் என்ற இனத்தோடு சேர்த்து எண்ணுவோர் உண்டு. அதற்கும் பெயரிட்டவர் கவனியேஸ்தான். மூன்றாவதாக வாசலில் உள்ள சாதாரணச் செம்பருத்தியைப் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். செம்பருத்தியில் ஐந்து வரும். மற்ற இரண்டிலும் பத்து.